காலரா எப்படிக் கொல்கிறது? விடை கண்ட சம்பு நாத் டேயும், அவரைக் கவனிக்காத இந்தியாவும்

காலரா வந்த ஒருவர் எதனால் இறக்கிறார்? கிருமியால்தான், இதிலென்ன சந்தேகம் என்று நீங்க கேட்கலாம். ஆனா அந்தக் கிருமி குடலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. குடலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே ஒரு புரதத்தை வெளியே விடுகிறது. மிச்ச வேலையை நம்ம உடம்பே செய்துவிடுகிறது. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர் வரைகூட தண்ணீர் வெளியேறும். சிகிச்சை கிடைக்காவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

இதைச் சோதனையில் நிரூபித்துக் காட்டியவர் கொல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் சம்பு நாத் டே. 1959-ல், தன் 44-வது வயதில், ஒரு கிருமிகூட இல்லாத வெறும் திரவத்தை வைத்து முயலின் குடலில் காலராவின் விளைவை வரவழைத்துக் காட்டினார். ராபர்ட் கோக் 1884-ல் எழுப்பிய ஊகத்துக்கு 75 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை அது.

டேயின் வாழ்க்கையையும், அவர் கண்டுபிடித்த நச்சு வேலை செய்யும் விதத்தையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கூடவே, அதே பாணியில் நம்ம நோய் எதிர்ப்பு செல்களைத் தூண்டிவிடும் 'சூப்பர்ஆன்டிஜென்' என்ற இன்னொரு வகை நச்சையும் புரிஞ்சுக்குவோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் டே கேட்ட கேள்வி எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஹூக்ளியிலிருந்து கொல்கத்தாவுக்கு

1915 பிப்ரவரி 1-ம் தேதி வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார் டே. வசதியான குடும்பம் இல்லை. அப்பாவின் சிறு வியாபாரத்தில் வந்த வருமானம் குடும்பத்தை நடத்தத்தான் சரியாக இருந்தது. பையன் நன்றாகப் படித்தான். உதவித்தொகை கிடைத்தது. ஹூக்ளி மொஹ்சின் கல்லூரி, அதன் பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரி என்று படிப்பு நகர்ந்தது. 1939-ல் மருத்துவப் பட்டம், 1942-ல் வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமோ.

அதே கல்லூரியின் நோய்க்கூறியல் துறையில், அதாவது நாம் வழக்கமாக பேதாலஜி என்று சொல்கிற துறையில், பயிற்றுநராக வேலைக்குச் சேர்ந்தார். துறையின் பேராசிரியர் பி.பி. திரிவேதி அவருக்கு வழிகாட்டி.  தருபாலாவை டே திருமணம் செய்துகொண்டார்.

1947-ல் லண்டனுக்குப் போனார். யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில், அந்தக் காலத்தின் முக்கியமான நோய்க்கூறியல் அறிஞர் ராய் கேமரூனிடம் ஆய்வு செய்தார். அங்கே அவர் பார்த்தது காலராவை அல்ல. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதைப் பற்றிய சோதனைகளை. உடம்புக்குள் தண்ணீர் ஏன் இருக்க வேண்டிய இடத்தை விட்டு வெளியே வருகிறது என்ற கேள்வி அது. 1949-ல் முனைவர் பட்டத்தோடு கொல்கத்தா திரும்பியபோது, அதே கேள்வி வேறொரு உருவத்தில் அவர் எதிரே இருந்தது.

அன்றைய கொல்கத்தாவில் காலரா என்பது பாடப்புத்தகத்து நோய் கிடையாது. 1817-ல் உலகைச் சுற்றத் தொடங்கிய முதல் பெருந்தொற்றே வங்கத்தின் கங்கைப் படுகையிலிருந்துதான் கிளம்பியது. டே வேலைக்குச் சேர்ந்த நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில், வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு எளிதில் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது: நோயாளிகள். காலராவில் சிறுநீரகம் எப்படிச் சேதமாகிறது என்பதை முதலில் ஆராய்ந்தார். சிறுநீரகம் கெடுவது விளைவுதான், காரணம் வேறெங்கோ இருக்கிறது என்பது அவருக்குத் தெளிவானது. அந்த இடம் குடல்.

75 ஆண்டுகள் ஏன் விடை கிடைக்கவில்லை?

கோக் 1883-84-ல் முதலில் எகிப்திலும் பிறகு கல்கத்தாவிலும் காலரா நோயாளிகளை ஆராய்ந்தார். விப்ரியோ காலரே என்ற, கமா குறி மாதிரி வளைந்த பாக்டீரியாவே காரணம் என்றார். அது ஏதோ ஒரு நஞ்சை வெளியிட வேண்டும் என்றும் ஊகித்தார். ஊகம் சரி. நிரூபணம்தான் இல்லை.

சிக்கல் இரண்டு. முதல் சிக்கல், விலங்குகளுக்கு இயல்பாகக் காலரா வருவதில்லை. மனிதர்களுக்கு வருகிற மாதிரியே சோதனை விலங்குக்கு வரவைக்க முடியாவிட்டால், காரணத்தை எப்படி நிரூபிப்பது?

இரண்டாவது சிக்கல், ஆய்வு வேறொரு பாதையில் போய்விட்டது. 1892-ல் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபைஃபர், காலரா பாக்டீரியாவின் உடலுக்குள்ளேயே நஞ்சு இருக்கிறது, பாக்டீரியா செத்து உடையும்போதுதான் அது வெளிவருகிறது என்ற கருத்தை முன்வைத்தார். இதைத்தான் எண்டோடாக்ஸின், அக நச்சு என்கிறோம். அப்படி ஒரு பொருள் உண்மையிலேயே இருக்கிறது. ஆனா காலராவின் வயிற்றுப்போக்குக்கு அது காரணம் இல்லை. அந்தக் கருத்தை நம்பியவர்கள் பாக்டீரியாவை விலங்கின் ரத்தத்திலும் வயிற்று அறையிலும் ஊசியால் செலுத்தினார்கள். விலங்கு செத்தது. ஆனா காலராவில் சாகிற மாதிரி சாகவில்லை.

இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. காலரா குடலின் உள்தோலை உரித்துவிடுகிறது, அதனால்தான் தண்ணீர் ஒழுகுகிறது என்று பலர் கருதினார்கள். பிரேதப் பரிசோதனையில் அப்படித்தான் தெரிந்தது. இறந்த பிறகு குடலில் நடக்கும் மாற்றத்தை நோயின் வேலை என்று எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் அது.

முயல், பட்டு நூல், ஒரு ஊசி

டே யோசித்தது எளிமையானது. நோய் நடக்கிற இடம் குடலின் உள்பக்கம். அப்படியென்றால் கிருமியை அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டியதுதானே? ரத்தத்தில் ஏன் செலுத்த வேண்டும்?

ஆனா முயலின் வாயில் கிருமியைக் கொடுத்தால் அது வயிற்றிலும் குடலிலும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் டேயும் அவருடைய சக ஆய்வாளர் டி.என். சட்டர்ஜியும் செய்தது இதுதான். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தார்கள். சிறுகுடலின் ஒரு சிறு பகுதியை, ரத்த ஓட்டம் கெடாமல், இரண்டு பக்கமும் பட்டு நூலால் கட்டினார்கள். சின்ன பலூன் மாதிரி ஒரு மூடிய துண்டு கிடைத்தது. அதற்குள் காலரா கிருமி வளர்ந்த திரவத்தை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார்கள். ஒரு நாள் கழித்துத் திறந்து பார்த்தார்கள்.

கட்டிய குடல் துண்டு தண்ணீரால் புடைத்திருந்தது. பக்கத்திலேயே, கிருமி போடாமல் கட்டிய துண்டு சுருங்கிக் கிடந்தது. காலரா நோயாளியின் அரிசிக் கஞ்சி மாதிரியான கழிவை ஒத்த திரவம் அந்த முயலின் குடலுக்குள் சேர்ந்திருந்தது. இந்த ஆய்வு 1953-ல் வெளியானது.

இதன் முக்கியத்துவத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கிருமி வேலை செய்ததா இல்லையா என்பதை இனி முயல் செத்ததா பிழைத்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டாம். எத்தனை மில்லிலிட்டர் தண்ணீர் சேர்ந்தது என்று அளந்து சொல்லலாம். தரவாளர்கள் மொழியில் சொல்லப்போனா, 'ஆம், இல்லை' என்றிருந்த விடையை டே ஒரு எண்ணாக மாற்றினார். செலவும் குறைவு. ஆய்வகம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

(இதே மாதிரி ஒரு சோதனையை 1915-ல், டே பிறந்த அதே ஆண்டில், வயோல், கிரெண்டிரோபுலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்து எழுதியிருந்தார்கள். அதை யாரும் தொடரவில்லை. அது மறைந்தே போனது.)

டே அதோடு நிற்கவில்லை. 1956-ல் அதே குடல் துண்டுச் சோதனையை இ. கோலை பாக்டீரியாவிலும் செய்து பார்த்தார். இ. கோலை எல்லோர் குடலிலும் சாதுவாக வாழும் கிருமி. ஆனா வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த சில இ. கோலை வகைகள் முயல் குடலில் காலரா கிருமி மாதிரியே தண்ணீரைச் சேர்த்தன. வளரும் நாடுகளின் குழந்தைகளுக்கும், ஊர் விட்டு ஊர் போகும் பயணிகளுக்கும் வயிற்றுப்போக்கைத் தருகிற முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த நச்சு உருவாக்கும் இ. கோலை என்று பிற்காலத்தில் தெளிவானது. அதில் ஒரு நச்சு, காலரா நச்சின் நெருங்கிய சொந்தம்.

கிருமியை வடிகட்டிவிட்டால் என்ன ஆகும்?

1953 சோதனையில் ஒரு ஓட்டை இருந்தது. உள்ளே போனது உயிருள்ள கிருமி. அது குடலைக் கடித்ததா, அரித்ததா, செத்து உடைந்து அக நச்சை விட்டதா, அல்லது எதையாவது வெளியே சுரந்ததா? நான்கில் எது என்று அந்தச் சோதனை சொல்லவில்லை.

அடுத்த படி, கிருமியையே கணக்கிலிருந்து நீக்குவது. டே காலரா கிருமியைத் திரவத்தில் வளர்த்தார். பிறகு ஒரு பாக்டீரியாகூட மிஞ்சாதபடி வடிகட்டினார். மிஞ்சிய தெளிந்த திரவத்தை மட்டும் முயலின் குடல் துண்டுக்குள் செலுத்தினார். குடல் புடைத்தது.

கிருமி இல்லை. ஆனா நோயின் விளைவு இருக்கிறது. அப்போ கிருமி உயிரோடு இருக்கும்போதே வெளியே சுரக்கிற ஏதோ ஒரு பொருள்தான் இதைச் செய்கிறது. குடல் நச்சு, அதாவது என்டரோடாக்ஸின். 1959 மே 30-ம் தேதி 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வெளியானது. கட்டுரை மிகச் சிறியது. ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று: எஸ்.என். டே.

அதே ஆண்டில் பம்பாயின் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட்டில் என்.கே. தத்தாவும் அவர் குழுவினரும், முயல் குட்டிகளுக்குக் காலரா கிருமியிலிருந்து எடுத்த பொருளைக் கொடுத்து வயிற்றுப்போக்கை வரவைத்தார்கள். காலராவின் புதிர் அவிழத் தொடங்கியது இந்தியாவின் இரண்டு நகரங்களில்.

அந்தப் புரதம் என்னதான் செய்கிறது?

டேயிடம் விடையின் முதல் பாதி இருந்தது. நச்சைத் தனியாகப் பிரித்துச் சுத்தமாக்கியவர்கள் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிங்கல்ஸ்டைனும் ஜோசப் லோஸ்பலுட்டோவும். ஆண்டு 1969. அது எப்படி வேலை செய்கிறது என்பது 1970-களில் படிப்படியாகப் புரிந்தது.

உங்க வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நினைச்சுக்கோங்க. அதில் தானாக அணையும் டைமர் இருக்கிறது என்று வெச்சுக்குவோம். சுவிட்சைப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு தானாக நிற்கும். குடல் செல்லிலும் அப்படி ஒரு சுவிட்ச் உண்டு. அதன் பெயர் ஜி புரதம். அது போட்டவுடன் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற ஒரு செய்திப் பொருள் கூடும். அந்தச் செய்தி கிடைத்ததும் செல் குளோரைடு உப்பைக் குடலுக்குள் விடும். உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். குடல் ஈரமாக இருக்க இது தேவை. வேண்டிய அளவு ஆனதும் சுவிட்ச் தானாக அணைந்துவிடும்.

காலரா நச்சுக்கு இரண்டு பாகம். ஒரு பாகம் குடல் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஜிஎம்1 என்ற பொருளைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பாகம் செல்லுக்குள் நுழைந்து, ஜி புரதத்தின் மேல் ஒரு வேதிப் பொருளை ஒட்டிவிடும். ஒட்டியதும் டைமர் கெட்டுப்போகும். சுவிட்ச் போட்டது போட்டபடி இருக்கும். மோட்டார் நிற்காது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, செல் சாகவில்லை. குடல் தோல் உரியவில்லை. 1959-ல் தாய்லாந்தில் காலரா பரவியபோது உயிருள்ள நோயாளிகளின் குடலிலிருந்து எடுத்த துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அதை உறுதிசெய்தார்கள். குடல் தோல் அப்படியே இருந்தது. நல்ல செல்லில், நல்ல சுவிட்சில், தவறான நேரத்தில் விரல் வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான்.

இதனால் பிழைத்தவர்கள் யார்?

செல் சாகவில்லை என்பதில்தான் சிகிச்சையே இருக்கிறது.

குடல் செல்லில் தண்ணீரை வெளியே விடும் வழி ஒன்று. உள்ளே இழுக்கும் வழி வேறொன்று. உள்ளே இழுக்கும் வழிகளில் ஒன்று, குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக்கொண்டு நுழைகிற வழி. காலரா நச்சு இதைத் தொடுவதே இல்லை. அதனால் சர்க்கரையும் உப்பும் சரியான விகிதத்தில் கலந்த தண்ணீரைக் குடித்தால், ஒரு பக்கம் கொட்டிக்கொண்டிருந்தாலும் இன்னொரு பக்கம் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். இதுதான் ஓஆர்எஸ். குடல் தோல் உரிந்துதான் தண்ணீர் போகிறது என்ற பழைய நம்பிக்கை உண்மையாக இருந்திருந்தால், இந்தக் கரைசல் வேலை செய்திருக்க வாய்ப்பே இல்லை.

ஓஆர்எஸ்ஸைக் கண்டுபிடித்தவர் டே இல்லை. 1968-ல் டாக்காவில் ஆய்வாளர்கள் அதை நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா வெடித்தது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் வாய்வழிக் கரைசலை டிரம்களில் கலந்து கொடுக்கச் சொன்னார். இறப்பு விகிதம் சுமார் 30%-லிருந்து, கரைசல் குடித்தவர்களிடையே 3.6% ஆகக் குறைந்தது.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. நச்சு ஒட்டிய செல்லைச் சரிசெய்ய முடியாது. ஆனா குடல் செல்கள் சில நாள்களில் உதிர்ந்து புதியவை வந்துவிடும். அதுவரை நோயாளிக்குத் தண்ணீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆன்டிபயாடிக் நோயின் காலத்தைக் குறைக்கும், கடுமையான நோயாளிக்கு உதவும். ஆனா உயிரைக் காப்பாற்றும் முதல் மருந்து அது இல்லை.

சூப்பர்ஆன்டிஜென்: கை வைப்பது வேறொரு சுவிட்சில்

காலரா நச்சு ஒரு சூப்பர்ஆன்டிஜென் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது குடல் செல்லைக் குறிவைக்கிறது. சூப்பர்ஆன்டிஜென்கள் குறிவைப்பது நம்ம நோய் எதிர்ப்புப் படையின் டி செல்களை. முக்கியமாக ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்கள் இவற்றைச் சுரக்கின்றன. ஆனா உத்தி ஒன்றேதான்: உடம்பை உடைக்காதே, உடம்பின் சுவிட்சைப் போடு.

டி செல் வழக்கமாக எப்படி வேலை செய்யும்? ரேஷன் கடையின் கைரேகை இயந்திரத்தை நினைச்சுக்கோங்க. கிருமி உள்ளே வந்தால், சில செல்கள் அதைத் துண்டு துண்டாக்கி, எம்ஹெச்சி என்ற புரதத்தின் பள்ளத்தில் ஒரு துண்டை வைத்து வெளியே நீட்டும். அதுதான் ரேகை. அந்த ரேகைக்குப் பொருந்துகிற ஏற்பி உள்ள டி செல் மட்டும் விழித்துக்கொள்ளும். பொருந்துவது அபூர்வம். 10,000 டி செல்லில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் எதிர்ப்பு, தேவையான இடத்தில், தேவையான அளவில் நடக்கும்.

சூப்பர்ஆன்டிஜென் ரேகையையே பார்க்க விடாது. அது பள்ளத்துக்கு வெளியே, பக்கவாட்டிலிருந்து எம்ஹெச்சி புரதத்தையும் டி செல் ஏற்பியையும் சேர்த்து ஒரு கவ்வி மாதிரி பிடித்துவிடும். ஏற்பியின் வி பீட்டா என்ற பகுதியை மட்டும்தான் அது பார்க்கிறது. கார்டு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் ஒத்துப்போனால் போதும், ரேகையே வேண்டாம் என்று இயந்திரம் முடிவு செய்கிற மாதிரி. ஒரே மாதிரி தொடங்கும் எல்லாக் கார்டுக்கும் ஒரே நேரத்தில் கதவு திறந்துவிடும். ஒரு லட்சத்தில் சில டி செல்கள் விழிக்க வேண்டிய இடத்தில், 20% வரைகூட விழித்துக்கொள்ளும். 1989-ல் ஜான் காப்ளர், ஃபிலிப்பா மாராக் குழுவினர் இந்தப் புரதங்களுக்கு சூப்பர்ஆன்டிஜென் என்று பெயர் வைத்தது இதனால்தான்.

அத்தனை டி செல்லும் ஒரே நேரத்தில் சைட்டோகைன் என்ற எச்சரிக்கைப் பொருள்களைக் கொட்டினால் என்ன ஆகும்? கடும் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரிவது, உறுப்புகள் செயலிழப்பது. இதுதான் டாக்ஸிக் ஷாக். 1978-ல் அமெரிக்காவில் 7 குழந்தைகளிடம் கண்ட நோய்க்கு மருத்துவர் ஜேம்ஸ் டாட் இந்தப் பெயரை வைத்தார்.

இப்போ டேயின் வடிகட்டிய திரவத்துக்கு வாங்க. கல்யாணப் பந்திக்குச் செய்த இனிப்பு, மணிக்கணக்கில் வெளியே இருக்கிறது. கையிலிருந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் அதில் வளர்ந்து நச்சைச் சுரக்கிறது. யாரோ அதைச் சூடாக்கிப் பரிமாறுகிறார்கள். கிருமி செத்துவிடும். ஆனா அந்த நச்சு, கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாது. சாப்பிட்டவர்களுக்கு அரை மணி முதல் 8 மணி நேரத்துக்குள் வாந்தி. இலையில் இருந்த உணவில் உயிருள்ள கிருமி இல்லை, நோய் இருக்கிறது. அதே தத்துவம். (காலரா நச்சு சூட்டில் கெட்டுவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் காலரா கிருமியும் செத்துவிடும். கெட்டுப்போன உணவைச் சூடாக்குவது பாதுகாப்பு இல்லை.)

சிகிச்சையிலும் அதே பாடம். டாக்ஸிக் ஷாக் நோயாளிக்கு முதலில் ஏற்றுவது நிறைய திரவம். கிருமியைக் கொல்லும் மருந்தோடு கிளிண்டமைசினும் கொடுப்பார்கள். காரணம், அது பாக்டீரியா புரதம் தயாரிப்பதையே நிறுத்தும். அதனால் நச்சு உற்பத்தியும் நிற்கும். கிருமி இருக்கிறதா என்ற கேள்வியோடு, அது என்ன சுரக்கிறது, அதை எப்படி நிறுத்துவது என்ற கேள்வியும் சேர்ந்தால்தான் நோயாளி பிழைப்பார்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. காலரா நச்சின் மரபணு, பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்று 1996-ல் தெரியவந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸின் சில சூப்பர்ஆன்டிஜென் மரபணுக்களும் அப்படித்தான் வைரஸ்களின் முதுகில் பயணிக்கின்றன. அதாவது, சாதுவான கிருமிக்கும் இந்த ஆயுதம் ஒருநாள் கிடைக்கலாம்.

டேக்கு என்ன கிடைத்தது?

1955-ல் டே கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கே திரும்பி, நோய்க்கூறியல், பாக்டீரியாலஜி துறையின் தலைவரானார். 1961-ல் காலராவைப் பற்றிய அவர் புத்தகம் வெளியானது. 1973-ல் ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தார்.

நச்சைச் சுத்தமாகப் பிரிப்பதுதான் அவருக்கு அடுத்த இலக்கு. அதற்கு உயிர்வேதியியல் வசதி வேண்டும். கற்பிப்பதும் நோயாளிகளின் மாதிரிகளைப் பார்ப்பதுமே பெரும்பகுதி வேலையாக இருந்த ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் அது அவருக்கு அமையவில்லை. 1959-க்கும் 1969-க்கும் நடுவில் இருக்கும் அந்தப் பத்து ஆண்டுகளைப் பாருங்க. கேள்வி கொல்கத்தாவில் கிளம்பியது, விடையின் அடுத்த பகுதி அமெரிக்காவில் கிடைத்தது. திறமை குறைந்ததால் அல்ல.

ஓய்வுக்குப் பிறகும் கொல்கத்தாவின் போஸ் இன்ஸ்டிடியூட்டில் ஆய்வைத் தொடர்ந்தார். 1978-ல் ஸ்டாக்ஹோமில் காலராவைப் பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. உலகமே அவர் பெயரைச் சொல்லி விவாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. 1958-ல் நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க், டேயை நோபல் பரிசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிந்துரைத்திருந்தார். பரிசு வரவில்லை.

நோபல் கிடைக்காதவர்கள் உலகில் நிறைய பேர் உண்டு. அது பெரிய விஷயமில்லை. ஆனா இந்தியாவின் பெரிய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரைத் தங்கள் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. நாட்டின் பெரிய விருது எதுவும் வரவில்லை. 1985 ஏப்ரல் 15-ம் தேதி, 70 வயதில், டே இறந்தார்.

அடுத்த ஆண்டு, ஆய்வுக் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணக்கிடும் முறையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்ட், காலரா ஆராய்ச்சியில் டேயின் தாக்கத்தை வரைபடமாகவே போட்டுக் காட்டி எழுதினார். 1959 கட்டுரை தொடக்கத்தில் கவனிக்கப்படாமல் கிடந்து, பிறகு ஒரு துறையின் அடிப்படையாக மாறியதை அந்த எண்கள் காட்டின. 1990-ல் பெங்களூரிலிருந்து வரும் 'கரன்ட் சயின்ஸ்' இதழ் அவருக்காக ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. லெடர்பெர்க்கும் அதில் எழுதினார். தன் பரிந்துரைகளைப் பற்றிச் சொன்னதும் அங்கேதான். டே அதைப் படிக்க உயிரோடு இல்லை.

பன்காவ் முகாமின் மகாலனாபிஸுக்கு, அவர் இறந்த பிறகு 2023-ல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. டேயின் பெயருக்கு அப்படியும் எதுவும் வரவில்லை.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

காலரா பழைய கதை என்று நினைக்காதீங்க. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் 13 லட்சம் முதல் 40 லட்சம் பேருக்குக் காலரா வருகிறது. 21,000 முதல் 1,43,000 பேர் வரை இறக்கிறார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதே, பல இடங்களில் நோய் கணக்கில் வராமல் போகிறது என்பதற்கு அடையாளம். 1992-ல் ஓ139 என்ற புது வகைக் காலரா முதலில் வெளிப்பட்டது நம்ம சென்னையில். அன்றைய மெட்ராஸ். அதுவும் அதே நச்சைத்தான் சுரந்தது.

டேயின் கண்டுபிடிப்பு பல வழிகளில் இன்றும் வேலை செய்கிறது. ஸ்வீடனில் உருவான ஒரு வாய்வழிக் காலரா தடுப்பு மருந்தில், நச்சின் ஒட்டிக்கொள்ளும் பாகம் மட்டும் சேர்க்கப்படுகிறது. ஒட்டுவதைத் தடுத்தால் சுவிட்சில் கை வைக்க முடியாது என்பதுதான் கணக்கு.

உங்க வீட்டில் யாருக்காவது தண்ணீராக வயிற்றுப்போக்கு என்றால், செய்ய வேண்டியதும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. மாத்திரையைத் தேடுவதற்கு முன் ஓஆர்எஸ் கொடுங்க. பாக்கெட் இல்லையென்றால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வொரு முறை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. கண் உள்ளே போவது, சிறுநீர் வராமல் போவது, மயக்கம், குடிக்க முடியாத நிலை, இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு. நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தால் காலராவில் இறப்பவர்கள் 100-ல் ஒருவருக்கும் குறைவு. கிடைக்காவிட்டால், கடுமையாகத் தாக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்வரை இறக்கலாம்.

அந்த இடைவெளியை மூடுவதற்கு, முதலில் நோய் எங்கே நடக்கிறது என்று ஒருவர் சரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்தவர் பெயர் சம்பு நாத் டே. பள்ளிப் பாடப்புத்தகத்தில் கோக் வருகிற பக்கத்தில் இவரும் வரலாம், இடம் இருக்கிறது.